அஞ்சலில் சேர்க்காத உன் விண்ணப்பம்

கடித எண்: 1 / 2025
தூத்துக்குடி
09.09.2025, செவ்வாய்க்கிழமை
காலை 6 மணி 10 நிமிடம்

பொருள்: ஆசிரியை பணிக்கான உன் விண்ணப்பத்தை அஞ்சலில் சேர்க்காதது – காரணம் தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: 05.09.2025 அன்று மாலை ரயில் நிலையத்தில் நீ என்னிடம் நேரில் ஒப்படைத்த உறை.

அன்பு மகளுக்கு,

நீ ஒப்படைத்த உறையை நான் அஞ்சலில் சேர்க்கவில்லை. மறக்கவில்லை, உடல்நலக் குறைவும் இல்லை, அஞ்சலகம் அடைத்திருக்கவும் இல்லை. சனிக்கிழமை காலை குளித்து, சட்டை மாற்றி, உறையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை சென்றேன். திரும்பி வந்து மேசைமேல் வைத்துவிட்டேன். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவன் நான். சரக்கு தாமதமானதுண்டு, கப்பல் தாமதமானதுண்டு. என் கைக்கு வந்த காகிதம் தாமதமானதில்லை. ஆகவே இதை முதுமையின் தடுமாற்றம் என்று நீ எண்ணிவிடக் கூடாது. தெரிந்தே செய்தேன். தொலைபேசியில் காரணம் சொல்லப் புகுந்தால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று அடைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். விண்ணப்பம் சேர வேண்டிய கடைசி நாள் இம்மாதம் 19. விரைவு அஞ்சலில் இக்கடிதம் உன் பெங்களூரு முகவரிக்கு 12ஆம் தேதிக்குள் வந்துவிடும். அங்கே நடக்கும் உன் படக் கண்காட்சி முடிவதற்கு முன்பே உறை மீண்டும் உன் கையில் இருக்கும். எனவே உன் வாய்ப்பு எதையும் நான் கெடுக்கவில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன்.

நீ பள்ளியில் கணினி ஆசிரியை ஆவதில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. உன் அம்மா சாத்தான்குளத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள். அந்த வேலையின் மதிப்பு இந்த வீட்டில் யாருக்கும் தெரியாததல்ல. வகுப்பெடுப்பாய், மாலையில் படமும் வரைவாய் என்றுதான் வெள்ளிக்கிழமை மாலை உன்னை ரயிலேற்றும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் சனிக்கிழமை காலை அஞ்சலகத்துக்குக் கிளம்பும் முன், கட்ட வேண்டிய பொதிகளைப் பார்ப்பதற்காக உன் இணையக் கடையைத் திறந்தேன். முகப்பிலேயே ஒரு அறிவிப்பு: "அக்டோபர் 15 வரை மட்டுமே ஆர்டர்கள் பெறப்படும்." உன் திருமணம் அக்டோபர் 29, புதன்கிழமை. திருமணத்துக்காக இரண்டு வாரம் விடுப்பு எடுக்கும் கடைக்காரர், கடை மீண்டும் திறக்கும் தேதியைப் போடுவார். நீ போடவில்லை. அந்த அறிவிப்பையும் கையிலிருந்த உறையையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் நீ என்ன செய்யப் போகிறாய் என்று விளங்கியது. வேலைக்கு விண்ணப்பிப்பதோடு, மூன்றரை ஆண்டுகளாக நீயே உண்டாக்கி வளர்த்த ஒரு வேலையைச் சத்தமில்லாமல் மூடவும் போகிறாய். அது உன் விருப்பமென்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உன் விருப்பம்தானா என்பதே என் ஐயம்.

ஐயத்துக்குக் காரணம் ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. அன்று ஆராதனை முடிந்து நாசரேத்திலிருந்து சம்பந்தி வீட்டார் அழைப்பிதழ் வாசகத்தை முடிவு செய்ய வந்திருந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். மணமக்கள் பெயரைவிடப் பெயருக்குப் பின்னாலும் கீழேயும் அச்சாகும் பட்டமும் வேலையும்தான் முதலில் வாசிக்கப்படும். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டங்கள், கீழே முதுநிலை இயற்பியல் ஆசிரியர், பள்ளியின் பெயர் எல்லாம் ஒரே மூச்சில் எழுதியாயிற்று. உன் பெயரை எழுதி, எம்.எஸ்சி. என்று போட்டு, சம்பந்தி பேனாவை நிறுத்தினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அல்லவா, விடைத்தாளில் காலியிடம் விட மனம் வராது.

"பிள்ளைக்கு வேலைன்னு என்ன போடட்டும் அண்ணாச்சி?"

நான் வாய் திறப்பதற்குள் சம்பந்தியம்மாள் சொன்னார்கள்: "அவ கம்ப்யூட்டர்ல என்னமோ செய்தாள்லா. ஏதோ கம்பெனி."

"கம்பெனின்னா பேரு வேணும்லா? எங்கன போய் வாரா? மேல யாரு?"

அப்போது நீ காப்பித் தட்டோடு நின்றிருந்தாய். சிரித்துக்கொண்டே சொன்னாய்: "ஒண்ணும் போட வேண்டாம் மாமா. சும்மா வீட்டுல இருந்து படம் வரையுதேன். அவ்வளவுதான்."

அந்தச் 'சும்மா' என்ற சொல்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. அன்று நான் பேசாமல் இருந்தேன். சபையில் மகளைத் திருத்துவது முறையல்ல என்று எண்ணினேன். மேலும், அதே சபையில் இரண்டாண்டுகளாக யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர் கம்பெனி வேலைய வீட்ல இருந்து பாக்கா" என்று நானே சொல்லி வந்திருக்கிறேன் என்பதும் என்னைத் தடுத்தது. நான் மழுப்பியதை நீ சுருக்கிச் சொன்னாய். அவ்வளவே வித்தியாசம்.

சும்மா என்றால் என்ன என்று நான் அறிவேன். உன் வேலையை மூன்றரை ஆண்டுகளாக அடுத்த அறையிலிருந்து பார்த்தவன் நான். சென்னை வேலையை விட்டு 31.03.2022 அன்று நீ வீடு திரும்பியபோது, ஒரு சிலேட்டுப் பலகை போன்ற கருவியையும் அதில் எழுதும் பேனாவையும் மட்டும் கொண்டு வந்தாய். முதல் படத்துக்கு உப்பளத்தில் மூன்று நாள் காலையில் போய் நின்றாய். வெயிலில் உப்புக் குவியல் வெள்ளையாக இருப்பதில்லை, நீலமும் ஊதாவும் கலந்து கண்ணைக் குத்துகிறது என்று வந்து சொன்னாய். அந்த ஊதா சரியாக வரும்வரை அடுக்கு மேல் அடுக்காக நிறம் போட்டு அழித்தாய். விற்பனைக்கு வைத்த நான்கு மாதம் யாரும் வாங்கவில்லை. நீ அடுத்த படத்தை வரைந்தாய். அடுத்ததையும் வரைந்தாய். அச்சிட்ட படங்கள் நம் கடற்காற்றில் ஓரம் சுருண்டபோது, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எந்தப் பக்கத்தில் வைத்தால் தாள் நிமிர்ந்திருக்கும் என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தோம். இப்போது நம் மாடியறையில் படத்தைச் சுருட்டிக் கட்டும் அட்டை உருளைகள் நான் பணியில் இருந்தபோது காகிதத்தில் மட்டுமே பார்த்த ஊர்களுக்கெல்லாம் போகின்றன. சும்மா இருப்பவளுக்கு மணிக்கட்டில் வலி வராது.

இனி, நீ மறந்திருக்க முடியாத ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அதில் குற்றவாளி நான்தான் என்பதால் கூச்சத்தோடு எழுதுகிறேன். 2023 நவம்பரில் நீ துறைமுகப் படம் ஒன்றை வரைந்தாய். சரக்கு இறக்கி முடித்த கப்பல். மேல்தளத்தில் சரக்கறை மூடிகள் திறந்து கிடக்கின்றன. கீழே கரையில் சுமைதூக்கும் ஆட்கள் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் கப்பலோ முழுப் பாரத்தோடு நிற்பதுபோல் தண்ணீரில் ஆழ்ந்து கிடக்கிறது. சரக்கு இறங்கிய கப்பல் நீரைவிட்டு உயர்ந்து நிற்கும். இது துறைமுகத்தில் தேநீர் விற்பவருக்கும் தெரியும். உன்னிடம் சொன்னேன். "தெரியும்ப்பா, அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் படத்தை விற்பனைக்கு வைத்துவிட்டாய். எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. தவறான விவரத்தோடு ஒரு பொருள் நம் வீட்டிலிருந்து ஏற்றுமதியாவதா? அழகாகத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு உருளைக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டை வைத்தேன்: "பிழைதிருத்தம். இப்படத்தில் கப்பலின் நீர்மட்டம் தவறாகக் காட்டப்பட்டுள்ளது. சரக்கற்ற கப்பல் இதைவிட உயர்ந்து நிற்கும். வருந்துகிறோம்." ஆங்கிலத்தில்தான் எழுதினேன், அலுவலக ஆங்கிலம்.

பதினொரு உருளைகள் போயின. பன்னிரண்டாவதைக் கட்டுவதற்குள் டென்மார்க்கிலிருந்து ஒரு பெண்மணி உனக்கு எழுதிவிட்டார்: விற்பவரே குறையுள்ள பொருள் என்று எழுதி அனுப்பியிருக்கிறார், சரியான பிரதியை அனுப்புங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்புங்கள். கூடவே என் சீட்டின் புகைப்படம். ஒரு நட்சத்திரம் மட்டும் தந்து, காரணத்தையும் எல்லோரும் காணும்படி எழுதியிருந்தார். நீ மாடியிலிருந்து இறங்கி வந்த வேகத்தில், சமையலறையில் இருந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

"அப்பா, இது என்னது?"

"பிழைதிருத்தம்."

"யாரு படத்துல யாரு திருத்துதது?"

"ஏளா, கப்பல் அப்படி நிக்காதுளா. நான் எத்தனை கப்பலுக்குக் காகிதம் பாத்தவன்."

"நீங்க கப்பலப் பாத்தீங்க. நான் கீழ உக்காந்திருக்க ஆளுகளப் பாத்தேன். கடைசி மூட்டைய எறக்கிட்டா அவங்களுக்கு லேசாயிருமா? நாளைக்கு இன்னொரு கப்பல் நிக்கும்லா? அவங்க கண்ணுக்கு அது எப்பவும் அப்படித்தான் தெரியும். நான் அவங்க கண்ணால வரைஞ்சிருக்கேன்."

அம்மா இடையில் புகுந்தாள்: "நல்லா கேளுளா. என் வீட்டுக் கணக்குப் புஸ்தகத்துலயும் இப்படித்தான் செவப்பு மையால திருத்துவாரு."

அன்று நீ அழவில்லை, கதவையும் அறையவில்லை. பதினொரு பேருக்கும் நானே தனித்தனியாக மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்றும், அதில் நீர்மட்டம் பற்றி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டாய். எழுதினேன். நீ டென்மார்க் பெண்மணிக்கு அந்த ஆட்களைப் பற்றி எழுதினாய். படத்தை அவர் திருப்பி அனுப்பவில்லை. சமையலறையில் மாட்டியிருப்பதாகப் பிறகு எழுதினார். ஒரு நட்சத்திரத்தை மட்டும் மாற்றவில்லை. அதுவும் நியாயம்தான். மறுவாரம் துறைமுகச் சாலையில் போகும்போது நான் முதன்முறையாகக் கப்பலைப் பார்க்காமல் கீழே நின்றவர்களைப் பார்த்தேன். நீ வரைந்தது சரி. இதை உன்னிடம் இதுவரை நேரில் சொன்னதில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன்? பெற்ற தகப்பன், அனுபவசாலி, வயதில் மூத்தவன், அவன் சொன்னதும் தகவலாகச் சரி. அப்படியிருந்தும் உன் படத்தை அவன் திருத்தக் கூடாது என்று முகத்துக்கு நேரே நின்றவள் நீ. அந்தப் பெண்ணையும் காப்பித் தட்டோடு 'சும்மா' என்றவளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருவரும் ஒருவர் என்று என்னால் நம்ப முடியவில்லை. உன் படத்துக்காக நிற்கத் தெரிந்த உனக்கு, உனக்காக நிற்பதில் என்ன தயக்கம்?

உனக்கு வியாபாரம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. போன ஆண்டு ஜூலையில் பேருந்து நிலையம் அருகே கைபேசி உறை விற்கும் கடையில் உன் உப்பளப் படம் தொங்கியது. நான்தான் முதலில் பார்த்தேன். கடைக்காரன் இருபத்தைந்து வயதுப் பையன், பயமே இல்லை.

"நெட்டுல கெடந்துச்சு அண்ணாச்சி. எடுத்தேன்."

"ரோட்டுல கெடக்க பைக்கையும் எடுத்துட்டுப் போவியாலே?"

"பைக்குல நம்பர் இருக்கும். படத்துல யாரு நம்பர் போட்டிருக்கா?"

காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றேன். நீ வந்து, கீழ் மூலையில் உப்புக் குவியலோடு கலந்து கிடந்த உன் கையொப்பத்தைப் பெரிதாக்கிக் காட்டினாய். அவன் முகம் செத்துப்போயிற்று. "எத்தனை வித்திருக்கீங்க?" என்று கேட்டாய். பிறகு அவனிடமே சொன்னாய்: "தூக்க வேண்டாம். அனுமதி வாங்கி வில்லுங்க. போன் கவர் மட்டும், ஒரு வருஷம் மட்டும். சட்டையில போட்டா வேற பேச்சு." வெளியே வந்ததும், "படத்த எதுக்குளா அவனுக்கு வித்த?" என்று நான் கோபித்தேன். "படத்த விக்கலப்பா. படம் எங்கிட்டயே இருக்கு. அனுமதியத்தான் வித்தேன்" என்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கப்பலை வாடகைக்கு விடும் முறை இதுவே. எந்தச் சரக்கு, எந்தக் கடல், எத்தனை மாதம் என்று எழுதிக்கொண்டு விடுவார்கள். கப்பல் எங்கே சுற்றினாலும் உரிமையாளர் உரிமையாளர்தான். நான் பணிக்காலம் முழுக்கப் பார்த்ததை நீ எங்கும் படிக்காமல் ஒரு கடை வாசலில் செய்துவிட்டாய்.

இப்போது இயந்திரமே நிமிடத்தில் படம் வரைகிறது, இனி யார் வாங்குவார்கள் என்று நீ மே மாதம் ஒரு வாரம் வாடியிருந்தாய். ஒரு புத்தக அட்டைக்குப் பேசி வைத்திருந்தவர் கைவிட்ட பிறகு. அதுவும் இந்த விண்ணப்பத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்த இழப்பு மெய்யானது. ஆறுதலுக்காக அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். அட்டைப் படம் போன்ற வேலைகள் இன்னும் சில போகக்கூடும். அன்று அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "அது வரையட்டும்ளா. உப்பளத்துல நின்னா அதுக்குக் கண்ணு கூசுமா?" நான் அதற்குமேல் சொல்லத்தக்கது ஒன்றே. உனக்கு வரும் கடிதங்களைப் பொதி கட்டும்போது நானும் படிக்கிறேன். எப்படி வரைந்தாய் என்று கேட்பவர்கள் குறைவு. எங்கே நின்று பார்த்தாய், அங்கே இருந்த அந்த மனிதர் யார் என்று கேட்பவர்களே மிகுதி. அவர்கள் உன்னிடம்தான் திரும்பி வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, 7ஆம் தேதி, மாப்பிள்ளை வந்திருந்தார். மண்டப முன்பணச் சீட்டைக் கொடுக்க வந்தவரை உட்கார வைத்து நேரடியாகக் கேட்டேன்: கடையை மூடச் சொன்னது யார்? அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"மூடுதாளா? யாரு சொன்னா மாமா?"

அறிவிப்பைக் காட்டினேன். இரண்டு முறை வாசித்தார். "எங்க ஸ்கூல்ல எடம் காலியாவுதுன்னு எங்க அம்மா மூலமா அவகிட்ட சொல்ல வச்சதே நான்தான் மாமா. அன்னைக்கு அவ சும்மான்னு சொன்னாள்லா, அது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஒரு வேலைன்னு இருந்தா அவளுக்குச் சங்கடம் இருக்காதேன்னு நெனச்சேன். படத்த விடச் சொல்லி நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

"அவகிட்ட இதக் கேட்டீங்களா?"

"அவ சரின்னுட்டா. சந்தோசமாத்தான் சொன்னா."

"அவ எல்லாத்துக்கும் சந்தோசமாத்தான் சொல்லுவா. நீங்க ரெண்டு தடவ கேக்கணும்."

கீழே வைத்த காப்பியை எடுத்துக் குடித்து முடித்தார். பிறகு, "அவளுக்கு எதுதான் வேணுமாம் மாமா?" என்று கேட்டார். அதை நான் சொல்வது முறையல்ல, அவளிடமே கேளுங்கள் என்றேன். நல்ல பிள்ளை. அவர் உனக்கு நன்மை நினைத்து ஒரு வேலை பார்த்தார். நீ அவருக்கு நன்மை நினைத்து ஒரு வேலையை விடப் பார்க்கிறாய். கேட்காமலே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பது கல்யாணத்துக்கு முன்பு இனிப்பாக இருக்கும். ஐந்து வருடம் கழித்து அதற்கு வேறு ருசி வரும். நானும் உன் அம்மாவும் அதில் கொஞ்சம் தின்றிருக்கிறோம்; ஆகவே சொல்கிறேன்.

நேற்று, திங்கட்கிழமை, நானே நாசரேத்துக்குப் பேருந்தில் போனேன். முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான். சம்பந்தி வாசலிலேயே நின்றிருந்தார். அழைப்பிதழில் உன் பெயருக்குக் கீழே 'டிஜிட்டல் ஓவியர்' என்று போட வேண்டும் என்றேன்.

"ஓவியர்னு போட்டா போர்டு எழுதுத ஆளுன்னு நெனப்பாங்களே அண்ணாச்சி."

"நெனைக்கட்டும். போர்டு எழுதுத ஆளு இல்லன்னா உங்க ஸ்கூலுக்குப் பேரு எங்க இருக்கும்?"

சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "சரி, எந்தக் கம்பெனி?"

"அவதான் கம்பெனி."

"அப்ப ரிட்டயர்மென்டு?"

"நமக்கு ஆச்சு. கார்டுல உங்க பேருக்குப் பின்னாலயும் எம் பேருக்குப் பின்னாலயும் 'ஓய்வு'ன்னு போடுதோம். அவளுக்கு அந்த வார்த்தை தேவைப்படாது."

சம்பந்தியம்மாள் முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னார்கள்: "ஒங்களுக்கு ரிட்டயர்மென்டு ஆயி என்னத்தக் கண்டீங்க? தெனமும் பேப்பர்ல எழுத்துப்பிழை பாக்கீங்க." அதன்பின் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒரு முடிவு சொன்னார். அது நியாயமான முடிவு என்பதால் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அண்ணாச்சி, நீங்க சொல்லி நான் போட மாட்டேன். அன்னைக்குப் பிள்ள தன் வாயாலதான் ஒண்ணும் வேண்டாம்னு சொன்னா. அவளே இன்னதுன்னு சொல்லட்டும். சொன்னா ஒரு எழுத்தும் மாத்தாமப் போடுதேன்."

ஆக, விவகாரம் இப்போது உன்னிடம் வந்து நிற்கிறது. மாப்பிள்ளை தடுக்கவில்லை, சம்பந்தி மறுக்கவில்லை, அம்மா முதலில் ஆசிரியை வேலைதான் நல்லதென்றாள், அறிவிப்பைக் காட்டிய பிறகு உன் மணிக்கட்டுக்குத் தைலம் எடுத்துக் கொடுத்தாள். உன் வழியில் நிற்பவர் என்று நீ எண்ணிய யாரும் உன் வழியில் நிற்கவில்லை. உன் கருத்து என்னவென்று இனி நீ சொல்லத்தான் வேண்டும்.

தொடர்வதாயின் சில சொற்கள். ஒரே ஒரு இணையதளத்தை நம்பி இராதே. அவர்கள் விதியை ஒரு காலையில் மாற்றுவார்கள். வாங்கியவர்களின் முகவரியும் பெயரும் உன்னிடம் தனியே இருக்கட்டும். முன்பணம் வராமல் கோடு போடாதே. உறவினருக்கும் இதே விதி, எனக்கும் இதே விதி. நாசரேத்து வீட்டில் உனக்கென ஒரு மேசையும் அடைக்கக்கூடிய ஒரு கதவும் வேண்டும் என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடு. முதல் வாரத்தில் கேட்டால் அது ஏற்பாடு, மூன்றாம் மாதத்தில் கேட்டால் அது சண்டை. விற்காத மாதங்கள் வரும். அம்மாதங்களில் அதை மாப்பிள்ளையிடம் மறைக்காதே. பொதி கட்டுவதற்கு ஆள் தேட வேண்டாம். அச்சகமும் அஞ்சலகமும் இங்கே நான் பழகியவை, ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் நான் தயார். துண்டுச்சீட்டு எதுவும் வைக்க மாட்டேன்.

ஆசிரியை வேலைதான் வேண்டுமென்றால் முழு மனதோடு போ. முதல் நாள் உன்னைப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு. ஆனால் போவதற்கு முன்பு உன் கடையின் முகப்பில் இருக்கும் அறிவிப்பைத் திருத்தி, மூடுகிறேன் என்று தெளிவாக எழுது. இத்தனை நாள் வாங்கியவர்களுக்கு அந்த மரியாதை செய்ய வேண்டும். அதை எழுத உன் கை வருகிறதா என்று பார். வந்தால் விண்ணப்பத்தை அஞ்சலில் சேர். வராவிட்டால் உனக்கே விளங்கிவிடும்.

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் கண்காட்சிக் கூடத்தில் கூட்டம் எப்படி என்று மாலையில் ஒரு வரி அனுப்பு. நீண்ட பதில் இப்போது வேண்டாம், யோசித்துச் சொல்.

உன் அப்பா

இணைப்புகள்:

1. நீ ஒப்படைத்த உறை, உள்ளிருக்கும் விண்ணப்பத்துடன். திறக்கப்படவில்லை. போதிய அஞ்சல்தலை ஒட்டியிருக்கிறேன். அனுப்புவதானால் 15.09.2025 திங்கட்கிழமை காலைக்குள் சேர்க்கவும்.

2. மணிக்கட்டு வலிக்கு அம்மா கொடுத்த தைலம், ஒரு புட்டி. மூடியை நூலால் கட்டியிருக்கிறேன். நிமிர்த்தி வைத்துத் திறக்கவும்.

3. அழைப்பிதழின் மெய்ப்பு, ஒரு பிரதி. 15ஆம் தேதி மாலைக்குள் உன் பதில் அச்சகத்தாருக்குத் தெரிய வேண்டும். மணமகள் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக விடப்பட்டிருக்கிறது. அச்சகத்தில் நின்று அந்த வரியை அளந்து பார்த்துவிட்டேன். நீ என்ன எழுதினாலும் இடம் போதும்.